படத்தில் கூடை சுமந்தவள்

நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து அனுப்பிய கடிதம் கிடைத்தது. மலையகத்துக் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதப் புறப்பட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். நீங்கள் கேட்டிருந்த ஏழு கேள்விகளில் ஆறுக்கு உங்களுக்கே பதில் தெரியும். குரலைப் பதிவு செய்வது, பழைய தாளைப் படமெடுப்பது, குறிப்புகளை அடுக்கி வைப்பது எல்லாவற்றிலும் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஏழாவது கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஓர் ஆதாரம் ஒன்றைச் சொல்லி இன்னொன்று அதை மறுத்தால் எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள்.

இந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை தவறான பதில் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல் அச்சிலும் போட்டேன். அதனால் ஒரு மனுஷிக்கு நான் செய்த அநியாயத்தையும், அவர் எனக்குச் செய்த நன்மையையும் உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

தெய்வானையை உங்களுக்குத் தெரியும். சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்தவர். உங்களில் பாதிப் பேர் அவர் வரைந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துத்தான் ‘ஆவன்னா’ படித்திருப்பீர்கள். பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். அவர் காலமான பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. உயிரோடு இருந்தபோது இரண்டு தடவைதான் அவரைச் சந்தித்திருந்தேன். இரண்டு தடவையும் அவர் என்னைப் பேசவிட்டுவிட்டு, கையில் கிடைத்த தாளில் என் மூக்கை வரைந்துகொண்டிருந்தார். ஆகவே அவருடைய இளமைக் காலத்துக்கு எனக்குக் கிடைத்த ஆதாரங்கள் மூன்றுதான். ஒரு பழைய கொப்பியில் அவரே எழுதி வைத்திருந்த பத்துப் பக்கம். தோட்டத்திலேயே இன்னும் இருந்த அவருடைய தங்கை மாரியாயி. தோட்டத்து ஆபீஸ் அலுமாரியில் எப்படியோ தப்பிக் கிடந்த செக்ரோல் புத்தகங்கள், அதாவது இன்ன நாளில் யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கொழுந்து எடுத்தார் என்று எழுதும் பேரேடுகள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பதும், சாயந்தரம் அதைச் செக்ரோலில் ஏற்றுவதும் அவர் வேலை. எங்கள் வீட்டில் எந்த வாக்குவாதத்துக்கும் அவருடைய கடைசி வார்த்தை, “புத்தகத்தப் பாரு” என்பதுதான். பட்டம் வாங்கி, நாலு ஊர் பார்த்து, நாற்பது வருடம் புத்தகத் தொழிலில் இருந்த பிறகும் நான் அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருந்தேன். ஆபீஸ் புத்தகத்தில் இருந்தால் நடந்தது. இல்லாவிட்டால் நடக்கவில்லை.

தெய்வானை தன் கொப்பியில் இப்படி எழுதியிருந்தார்: பதினாறு வயதில் மலை வேலைக்குப் பேர் பதிந்தார்கள். நாலு மாதம் கொழுந்தெடுத்தேன். பிறகு பதுளையில் ஒரு சித்திர ஆசிரியை தன் வீட்டில் தங்கவைத்து இரண்டு வருடம் வரையக் கற்றுத் தந்தார்.

செக்ரோலோ வேறு சொன்னது. அந்த நாலு மாதம் மட்டுமல்ல, அடுத்த இரண்டு வருடமும் தெய்வானையின் பெயர் விடாமல் இருந்தது. முதல் நாலு மாதம் முழுப் பேர். அதன் பிறகு பெரும்பாலும் அரைப் பேர். குறித்த அளவுக்குக் கொழுந்து எடுக்க முடியாதவருக்கு அரை நாள் என்றே பதிவார்கள், அதுதான் அரைப் பேர். அந்த ஆசிரியையின் குடும்பம் எப்போதோ நாட்டை விட்டுப் போய்விட்டது. கேட்க ஆளில்லை.

மாரியாயியிடம் கேட்டேன். எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கூர்மையான நாக்கு. நான் போகும்போதெல்லாம், “வாங்க ஐயா, செத்தவங்கள விசாரிக்கிற போலீசு” என்றுதான் வரவேற்பார்.

“அந்த ரெண்டு வருஷம் அக்கா மலைக்கே போகலைங்க,” என்றார்.

“ஆபீஸ் புத்தகத்துல பேர் இருக்கேம்மா.”

“இருக்கும்.”

“அப்படின்னா போயிருக்காங்கதானே?”

அவர் கோப்பையை என் பக்கம் தள்ளினார். பிறகு, “டீ ஆறிப்போகுது, குடிங்க,” என்றார்.

அந்த ‘இருக்கும்’ என்ற சொல்லை நான் பதிவு செய்திருக்கிறேன். இன்றைக்கும் அந்த ஒலிநாடா என்னிடம் இருக்கிறது. பதிவு செய்தேனே தவிர, காதில் வாங்கவில்லை. எப்படி இருக்கும், ஏன் இருக்கும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். நான் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன், நீங்கள் படித்துக் கூச வேண்டும் என்பதற்காக. “கூடையின் பாரத்தை அந்த நோயாளிப் பெண்ணின் மெலிந்த தோள்கள் தாங்கவில்லை. அந்த நாட்களின் அவமானத்தை மறக்க விரும்பிய கலைஞர், பதுளையில் சித்திரம் பயின்றதாக ஒரு கதையைப் பிற்காலத்தில் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.” பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: “இக்காலம் பற்றித் தங்கையின் நினைவு பிழைபடுகிறது.” அரைப் பேருக்கு நோய் என்று காரணம் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

புத்தகத்தை அச்சடித்தவர் பதுளை நகரத்தில் அச்சகம் வைத்திருந்த ஒரு ஹாஜியார். என்னோடு இருபது வருடப் பழக்கம். மெஷினில் ஏறும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் ஏற்றுவார். தெய்வானையின் முதலாண்டு நினைவு நாளுக்கு வெளியீட்டு விழா என்று நாள் குறித்து, மண்டபம் பேசி, அழைப்பிதழும் கொடுத்தாயிற்று. மூன்று நாள் இருக்கும்போது ஹாஜியார் முதல் அத்தியாயத்தின் அச்சுப்படியை என் முன்னால் வைத்து, அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்தார்.

“சேர், இத அந்த மனுஷிக்கு வாசிச்சுக் காட்டினீங்களா?”

இல்லை என்றேன். மழை, பசறை ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, பஸ் ஓடவில்லை என்றேன்.

“நான் ரெண்டு நாள் மெஷின நிப்பாட்டுறன். ரோடு திறந்திரும். நீங்க போய்ட்டு வாங்க. விழாவ வேணும்னா தள்ளி வைப்பம், மௌத்தானவங்க கோவிக்க மாட்டாங்க.”

அழைப்பிதழ் போய்விட்டது, தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், மேலும் இது ஆவணத்தில் உள்ள விஷயம், ஒருவருடைய ஞாபகத்துக்காக மாற்ற முடியாது என்றேன். அவர் இரண்டாம் தடவை வற்புறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

இந்தத் தொழிலில் அவசரம் என்பது பெரும்பாலும் நாமே உண்டாக்கிக்கொள்வது. மழை உண்மை, மண்சரிவும் உண்மை. ஆனால் நான் போகாததற்குக் காரணம் அவை இல்லை. போனால் அந்த அம்மா மறுபடியும் ‘போகலைங்க’ என்று சொல்வார் என்று எனக்குத் தெரியும். என் பத்தி அழகாக வந்திருந்தது. அதை இழக்க மனமில்லை.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் தெய்வானையின் முதல் புத்தகத்துப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருந்தோம். உங்களுக்குத் தெரிந்த படம்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டிய ஒரு சின்னப் பெண், அவளைவிடப் பெரிய கூடை, கூடையின் கயிறு நெற்றியை அழுத்த, நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் மைக்கின் முன் நின்று, இந்தச் சிறுமி வேறு யாருமில்லை, கலைஞரேதான், மறைக்க நினைத்த உண்மை அவர் தூரிகையில் தப்பி வந்துவிட்டது என்றேன். பெரிய கைதட்டல். மாரியாயி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் கை தட்டினார். பிறகு படியிறங்கி வந்த என்னிடம், “நல்லாப் பேசுனீங்க ஐயா,” என்று சொல்லிவிட்டு, தனக்குக் கொடுத்த புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது, வந்து போகச் சொல்லி. நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, ஒரு பெட்டி இனிப்பும் வாங்கிக்கொண்டு போனேன்.

புத்தகம் மேசை மேல் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். “பதினாலு நாளாச்சுங்க, மொத அத்தியாயத்த முடிக்க,” என்றார். பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “மொதல்ல சின்ன விஷயம். கூடைய நாங்க தலையில மாட்டுவோம். தோள்ல மாட்ட மாட்டோம். கணக்கப்பிள்ளை மகனுக்கு அதுவுமா தெரியாது?”

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அடுத்தது, அக்காவுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி வந்து நான் பாத்ததில்ல. அரைப் பேரு போட்டது அக்காவுக்கு இல்லைங்க. எனக்கு.”

அதன் பிறகு அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். வேலைக்குப் போகும் ஆள் அம்மா மட்டும் என்றால் வீடாயிருந்த லயத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், அங்கே அப்படித்தான் நடக்கும் என்ற பயம். அதனால்தான் தெய்வானைக்குப் பேர் பதிந்தார்கள். நாலு மாதத்தில் பதுளை ஆசிரியை கூப்பிட்டார். தெய்வானை போக மாட்டேன் என்றாள். மாரியாயிக்குப் பேர் பதியும் வயது வரவில்லை. ஆனால் அக்காவின் பேர் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. விடியற்காலைப் பனியில், தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு தங்கை பெரட்டுக்குப் போனாள். கணக்கப்பிள்ளை தெய்வானை என்று வாசித்தபோது குரல் கொடுத்தாள். இரண்டு வருடம், மழையிலும் அட்டைக் கடியிலும், அக்காவின் பேருக்கு அவள் கொழுந்தெடுத்தாள். சின்னக் கை. பெரியவர்களின் அளவை எட்டவில்லை.

“கங்காணிக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியும். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். என் மொகத்தப் பாக்காம தலையக் குனிஞ்சுக்கிட்டே எழுதுவாரு. பாத்தா எழுத முடியாதுல்ல.”

அக்கா இதைக் கொப்பியில் எழுத விரும்பியதாகவும், தான்தான் வேண்டாம் என்று தடுத்ததாகவும் சொன்னார். தெரிந்தும் விட்டுவிட்ட கங்காணி, கணக்கப்பிள்ளை இரண்டு பேரின் பிள்ளைகளும் அதே தோட்டத்தில் இருக்கிறார்கள். உங்க அப்பா பொய் எழுதினார் என்று அவர்களை யாரும் கேட்கக் கூடாது. “எழுத வேணாம்னேன். அக்கா படத்துல போட்டுருச்சு. நீங்க சுவத்துல தொங்கவிட்டு அக்கான்னு சொன்னீங்களே, அது நான்தாங்க.”

ஆறு தடவை அந்த முகத்தின் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அதே சிரிப்பு. ஏழாவது தடவைதான் பார்த்தேன்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “இருங்க. என் அக்காவப் பொய்க்காரின்னு எழுதிட்டீங்க. அதத் துடைக்கணும்னா இதச் சொல்லியாகணும். இதச் சொன்னா, தங்கச்சியக் காட்டுல விட்டுட்டு அக்காக்காரி நெழல்ல உக்காந்து படம் போட்டான்னு பேசுவாங்க. எது தேவலாம்னு பதினாலு நாளா யோசிச்சேன். எழுத்துக் கூட்டுறதவிட அதுதான் கஷ்டமா இருந்துச்சு.”

ஒரு மனிதருக்கு நான் கொடுத்திருந்த தண்டனை இதுதான். ஐம்பது வருடத்துக்கு மேல் கட்டிக் காத்த ஒன்றை, இறந்துபோன அக்காவின் நேர்மைக்காக அவர் கையாலேயே அவிழ்க்க வைத்தேன். மெஷினை இரண்டு நாள் நிறுத்தியிருந்தால், அவர் என்னிடம் மட்டும் சொல்லி, எதை எப்படி எழுதலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்திருக்கலாம். அந்த உரிமையை நான் பறித்துவிட்டேன்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “அக்கா என் முதுகுல ஏறிப் போச்சுன்னு எழுதிறாதீங்க. நான்தான் சண்ட புடிச்சு அனுப்புனேன். போகலைன்னா பேச மாட்டேன்னு ரெண்டு நாள் சாப்புடாம கெடந்தேன். அத எழுதுங்க.”

புறப்படும்போது வாசல் வரை வந்தார். என் முகம் எப்படி இருந்ததோ, “உங்க அப்பாவும் இப்படி எத்தன பேருக்குத் தலையக் குனிஞ்சிருப்பாரோ, விடுங்க,” என்றார். பஸ்ஸில் நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அப்பாவின் எழுத்தில் பிழை இருக்காது என்று நம்பித்தான் அவரை மதித்தேன். இரக்கத்தால் அவர் எங்காவது ஒரு வரி பொய் எழுதியிருக்கக்கூடும் என்ற நினைப்பு அதுவரை எனக்கு வந்ததே இல்லை. அது அவர்மேல் எனக்கிருந்த மதிப்பைக் குறைக்கவில்லை. அவரை நினைத்து அன்றுதான் அழுதேன்.

இப்போதும் ஒருவருடைய வாய்ச்சொல்லைத்தானே நம்பினீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். செக்ரோலில் இருந்து நான் எடுத்திருந்த படிகளை மறுபடி பரப்பி, கொழுந்து எடைகளைப் பார்த்தேன். நாலு மாதம் நன்றாக எடுத்த ஒருத்தியின் எடை ஒரே நாளில் பாதிக்கும் கீழே இறங்குகிறது. பிறகு இரண்டு வருடத்தில் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. நோயாளியின் எடை அப்படி ஏறாது. வளரும் பிள்ளையின் கை அப்படித்தான் ஏறும். புத்தகம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. நான் பெயரை மட்டும் படித்தேன். அதே காலத்தில் அவர்களோடு ஒரே வரிசையில் கொழுந்தெடுத்த ஓர் அம்மா பூனாகலையில் வாழ்க்கைப்பட்டிருப்பதாக அறிந்து அங்கும் போனேன். கேள்வியை முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். “அது எங்க லயத்துக்கே தெரியுமேங்க. எழுதுறவங்களுக்கு மட்டுந்தான் தெரியல.”

அரைப் பேர், மற்றவர் பேருக்கு வேலை செய்வது, தலை குனிந்து எழுதும் கணக்கப்பிள்ளை, இவையெல்லாம் நம் தோட்டங்களில் பிறந்த யாருக்கும் புதிதில்லை. எனக்கும் எங்கோ தெரிந்திருக்க வேண்டும். ஆபீஸ் பக்கத்து வீட்டில் வளர்ந்ததால் எனக்கு மறந்துவிட்டது. நீங்கள் எந்த வீட்டில் வளர்ந்தீர்கள் என்பதை எழுத உட்காருமுன் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆதாரத்தைப் படிப்பது நாம்தான், ஆனால் நம் வீடும் கூடவே உட்கார்ந்து படிக்கிறது.

கங்காணியின் மகனையும் கணக்கப்பிள்ளையின் மகளையும் நேரில் போய்ப் பார்த்து, பெயர் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்டேன். இருவரும் பெயரோடு எழுதச் சொன்னார்கள்.

ஹாஜியாரிடம் நடந்ததைச் சொன்னபோது, நான் அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. “திருத்தச் சீட்டு அடிப்பம் சேர். விக்காம இருக்கிறதுக்கு இங்கேயே ஒட்டுவம். வெளிய போனதுக்கு நீங்க போகணும்,” என்றார். அந்தச் சீட்டுக் கட்டையும் ஒரு பசைப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு, பசறையிலும் பண்டாரவளையிலும் புத்தகம் போயிருந்த தோட்டத்துப் பாடசாலைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். அந்தந்தப் பாடசாலை நூலகத்தில் உட்கார்ந்து என் பத்தியின் மேல் நானே சீட்டை ஒட்டினேன். வயதான மனிதர் ஒருவர் புத்தகத்தில் பசை தடவுவதைப் பார்த்து ஆசிரியர்கள் விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் முழுக் கதையையும் சொன்னேன். எந்த மேடையிலும் எனக்குக் கிடைக்காத கவனம் அந்த அறைகளில் கிடைத்தது.

இரண்டாம் பதிப்பு போன வருடம் வந்தது. முதல் அத்தியாயத்தை முழுவதும் புதிதாக எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு மாரியாயி வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவையும் மழைதான். ஹாஜியார் மெஷினை நிறுத்தி வைத்திருந்தார். நான் வாசிக்க வாசிக்க மாரியாயி கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தி மாற்றச் சொன்னார், மாற்றினேன். கடைசியாக அந்தப் படம். அதன் கீழே ‘கலைஞரின் தங்கை’ என்று போட்டிருந்தேன்.

“எனக்குப் பேரில்லையா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு வருடம் அவர் அந்த மலையில் நின்றதற்கு உலகத்தில் எந்தக் காகிதத்திலும் அவர் பெயரில்லை. அடித்துவிட்டு மாரியாயி என்று எழுதினேன்.

“வயசையும் போடுங்க. பன்னெண்டு.”

பழக்க தோஷம், என் பேனா ஒரு கணம் நின்றது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

“என்னங்க, சந்தேகமா? பெறப்புச் சான்றிதழ் எடுத்து வரட்டுங்களா?”

“வேணாம்மா,” என்றேன். பன்னிரண்டு என்று எழுதினேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தார். இரண்டாம் தடவை விரல் இல்லாமல் படித்தார். பிறகு சரி என்று தலையசைத்து என்னிடம் கொடுத்தார். நாற்பது வருடத்தில் என் அச்சுப்படியைப் பார்த்தவர்களில் அவரைப் போல ஒருவர் எனக்குக் கிடைத்ததில்லை.